இரண்டு கை கிள்ளிய செண்டுமல்லி

மாதா திருநாளுக்கு விதை, கல்லறைத் திருநாளுக்குப் பூ. சவுரியம்மாள் வீட்டில் இது எழுதாத சட்டம். ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி ஊரெல்லாம் கொடியேற்றி மிட்டாய் கொடுத்துக்கொண்டிருக்கும் நேரத்தில், அவள் மகன் அன்பரசன் பூசை முடிந்து வந்து, வெள்ளைச் சட்டையைக்கூடக் கழற்றாமல் வீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து செண்டுமல்லி விதை போடுவான். நவம்பர் இரண்டாம் தேதி அவன் அப்பாவின் கல்லறைமேல் அந்தப் பூ மஞ்சளும் ஆரஞ்சுமாகக் குவிந்து கிடக்கும். கடைப் பூவை அவன் கிட்டே சேர்க்கமாட்டான். "எவன் எவன் கையோ பட்ட பூவ எங்கப்பாவுக்கு இன்னாத்துக்கு வெக்கணும்" என்பான். கல்லறைத் தோட்டத்து வாசலில் பூக்கூடையோடு உட்கார்ந்திருப்பவர்கள் அவன் தலையைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

இந்த வருஷம் விதை போட அவன் இல்லை. பிப்ரவரி மாதம் ஒரு சாயங்காலம் ஆம்பூரிலிருந்து பைக்கை எடுத்துக்கொண்டு நாட்றம்பள்ளிக்குப் புறப்பட்டவன், ஹைவேயில் விளக்குப் போடாமல் நின்ற லாரியின் பின்னால் மோதிப் போய்ச் சேர்ந்துவிட்டான். அப்பாவுக்குப் பக்கத்திலேயே அவனையும் வைத்தார்கள். அடக்கத்துக்கு வந்ததெல்லாம் கடைப் பூ. கம்பெனியிலிருந்து ஒரு பெரிய மாலை, தெருக்காரர்கள் போட்டது ஒன்று, சொந்தக்காரர்கள் கொண்டுவந்தது ஒரு குவியல். அன்றைக்கு யாருக்கு அதெல்லாம் ஞாபகம் வரும். சவுரியம்மாளுக்கு ஒரு மாதம் கழித்துத்தான் உறைத்தது. உறைத்ததிலிருந்து மனசு அறுத்துக்கொண்டே இருந்தது. முதல் கல்லறைத் திருநாளுக்காவது பிள்ளைக்கு வீட்டுப் பூ வைத்துவிட வேண்டும். அதற்குமேல் அவள் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை, கடவுளிடம்கூட.

வீட்டில் இன்னொருத்தி இருந்தாள். மருமகள் ஜாஸ்மின். கல்யாணமாகி மூன்று வருஷம், பிள்ளை இல்லை. ஆம்பூரிலேயே ஒரு நர்சிங் ஹோமில் நர்ஸ் வேலை. அன்றைக்கு நாட்றம்பள்ளியில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தவள், பஸ் எதுவும் நிற்காமல் போகிறது, வந்து கூட்டிக்கொண்டு போங்கள் என்று போன் போட்டாள். அதற்குத்தான் அன்பரசன் புறப்பட்டான். சவப்பெட்டியை மூடுகிற நேரத்தில் அத்தனை பேர் முன்னாலும் சவுரியம்மாள் சொன்னாள், "நீ கூப்பிடாம இருந்திருந்தா எம்புள்ள இருந்திருப்பான்." கொட்டின வார்த்தையை அள்ள முடியுமா. ஜாஸ்மின் அடுத்த மாதமே நைட் டூட்டி கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அதற்கப்புறம் ஒரே வீடு, ஒரே அடுப்பு, ஆனால் இவள் வரும்போது அவள் போவாள். சவுரியம்மாளுக்கு ஷூ கம்பெனியில் தையல் வேலை. காலையில் வேன் ஏறினால் பொழுது சாய்ந்துதான் வருவாள். ஜாஸ்மின் சாயங்காலம் கிளம்பினால் மறுநாள் காலையில் மாமியாரின் வேன் போன பிறகுதான் வருவாள். நடுவில் கிடைக்கிற கொஞ்ச நேரத்தில் ரெண்டு பேருக்கும் இருந்த பேச்சு இவ்வளவுதான்.

"சோறு மூடி வெச்சிருக்கேன் அத்த."

"ம்."

ஈஸ்டருக்கு ஜாஸ்மினின் அண்ணன் சாமுவேல் வந்திருந்தான். நல்ல மனுஷன், சத்தம் போட்டுப் பேசத் தெரியாதவன். "மொதல் கல்லறைத் திருநாள் வரைக்கும் இங்கயே இருக்கட்டும்மா. மாப்பிள்ளைக்குப் பூ வெக்காம வரமாட்டேன்னுது. பூ வெச்சதும் கூட்டிட்டுப் போய்டுறேன். சின்ன வயசு பாருங்க" என்றான். சவுரியம்மாள் "தாராளமா" என்றாள். அவள் சொன்ன வேகத்தில் சாமுவேலுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஜாஸ்மின் உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கேட்டிருக்கும்.

வீட்டுக்குப் பின்னால் இருந்த துண்டு இடத்தில் அன்பரசன் பழைய இரும்புக் குழாய்களை நட்டு, மேலே பச்சை வலை கட்டி வைத்திருந்தான். அதற்குப் பேர் கிரீன்ஹவுஸ். யாராவது கொட்டாய் என்று சொல்லிவிட்டால் அவனுக்குக் கோபம் வரும். ஆம்பூரில் தோட்டம் போடுவது லேசுப்பட்ட காரியமில்லை. போர்வெல் தண்ணியை ஊற்றினால் நாலே நாளில் மண்மேல் வெள்ளையாக உப்புப் பூத்துவிடும், இலை ஓரமெல்லாம் கருகும். அதனால் முனிசிபாலிட்டி குழாயில் வருகிற தண்ணியையும் மழைத் தண்ணியையும் டிரம்மில் பிடித்து வைத்து, மனுஷனுக்குக் குடிக்கக் கொடுப்பதுபோல் அளந்துதான் செடிக்கு ஊற்ற வேண்டும்.

ஆகஸ்ட் பதினைந்து வந்தது. சவுரியம்மாள் பூசைக்குப் போனாள், வந்தாள், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பின்னால் போய் உட்கார்ந்தாள். தேங்காய் நார்த் தூளை நனைத்துப் பிழிந்து டிரேயில் அடைத்தாள். போன வருஷம் காய்ந்த பூவிலிருந்து உதிர்த்து வைத்திருந்த விதையைக் குழிக்கு ஒன்றாகச் செருகினாள். மகன் செய்யும்போது எத்தனையோ தடவை காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பார்த்திருக்கிறாள், ஆனால் விதையில் எந்த முனை கீழே போகவேண்டும் என்று அவனை ஒருநாளும் கேட்டதில்லை. இப்போது கேட்க ஆளில்லை. குத்துமதிப்பாகத்தான் போட்டாள். அழுதுகொண்டே போட்டாள். முளைத்துவிட்டது.

செப்டம்பர் எட்டாம் தேதி, மாதா பிறந்தநாளன்று, நாற்றை எடுத்துப் பாத்தியில் நட்டாள். வேர் பிடிக்கிற வரைக்கும் மேலே வலை இருக்கலாம். பிடித்த பிறகு வலையைச் சுருட்டி வெயில் காட்ட வேண்டும், நிழலில் வைத்தால் செண்டுமல்லி தளதளவென்று வளருமே தவிரப் பூக்காது. இதெல்லாம் அன்பரசன் வாயால் கேட்டு கேட்டு அவள் காதில் ஏறியிருந்தது. அதிகாலையில் வேன் வருவதற்குள் ஒரு மணி நேரம் செடிகளோடு இருப்பாள். களை பிடுங்குவாள், வேப்பெண்ணெயைச் சோப்புத் தண்ணியில் கலந்து தெளிப்பாள், இலையைத் திருப்பிப் பார்த்துப் புழு பொறுக்குவாள். மண்ணைத் தொட்டால் எப்போதும் ஈரம் இருந்தது. நேற்றுக் காலையில் ஊற்றின தண்ணி இன்னும் காயவில்லையே, நார்த் தூளைக் கலந்தது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்று கம்பெனியில் பக்கத்து மெஷின்காரியிடம்கூடப் பெருமை அடித்துக்கொண்டாள்.

செடி ஒரு சாண் உயரம் வந்ததும் நடுக் குருத்தைக் கிள்ளவேண்டும். கிள்ளினால்தான் பக்கத்தில் கிளைக்கும், ஒரு பூவுக்குப் பத்துப் பூ வரும். கிள்ளின செடி பூக்க ரெண்டு வாரம் பிந்தும், அந்தப் பிந்தலையும் சேர்த்துக் கணக்குப் பண்ணித்தான் மாதா திருநாளில் விதை போடுவது. செப்டம்பர் கடைசியில் சவுரியம்மாள் ஒவ்வொரு செடியாகக் கிள்ளினாள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது சில கிளைகளின் நுனி மொட்டையாக இருந்தது, சில கிளைகளில் புதுக் குருத்து நீண்டிருந்தது. சரிதான், நமக்குக் கண்ணு சரியில்லை, பாதியை விட்டுவிட்டோம் என்று நினைத்து நீண்டதையெல்லாம் கிள்ளினாள்.

அக்டோபர் ஜெபமாலை மாதம். சாயங்காலம் தெருவில் வீட்டுக்கு வீடு ஜெபமாலை சொல்லிக்கொண்டு வருவார்கள். அவள் கை மணியை உருட்டும், மனசு பின்பக்கத்திலேயே இருக்கும். செடிகள் புதர் புதராக, பார்க்கக் கண்கொள்ளாமல் நின்றன. மொட்டைத்தான் காணோம். மாதம் முக்கால்வாசி ஓடிப்போனது. போன வருஷம் இதே சமயத்தில் மொட்டெல்லாம் கோலிக்குண்டு கனத்துக்கு இருந்தன. சவுரியம்மாள் குனிந்து கிளையைப் பிடித்துப் பார்த்தாள். நுனியெல்லாம் கிள்ளின தழும்பு. அவள் கிள்ளாத இடத்திலெல்லாம் தழும்பு.

அவளுக்கு மூக்குக்குமேல் கோபம் வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற முனவ்வர் பேகம் ஒரு ஆடு வளர்க்கிறாள்.

"பேகம், உன் ஆட்ட அவுத்து விட்டியா? எஞ்செடிய மேஞ்சி வெச்சிருக்குது பாரு."

முனவ்வர் பேகம் சுவருக்குமேல் தலையை நீட்டினாள். "இன்னாம்மா சவுரி, காலங்காத்தால பேஜார் பண்ற. என் ஆடு அந்தச் செடி வாடைக்கே பத்தடி தள்ளி நிக்கும். கிள்றது உம்மருமகதான். தெனம் டூட்டி முடிச்சி வந்ததும் அங்கதான் ஒக்காந்துட்டு இருக்குது. ஒனக்குத் தெரியாதா?"

சவுரியம்மாளுக்குத் தெரியாது. மருமகள் பகலெல்லாம் தூங்குகிறாள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். அடிப்பாவி, என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டாள். பூக்கக் கூடாது என்றுதானே இப்படிச் செய்திருக்கிறாள். அன்றைக்கு அத்தனை பேர் முன்னால் சொன்னதற்கு இன்றைக்குக் கணக்குத் தீர்க்கிறாள். என்னிடம் தீர்க்கட்டும், செத்தவனிடம் என்ன வன்மம்? அவள் அந்த மாதிரிப் பெண் இல்லையே என்று ஒரு மூலையில் தோன்றாமல் இல்லை. கோபம் இருக்கிற இடத்தில் அதெல்லாம் நிற்குமா. மறுநாள் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு, அடுப்படி ஜன்னல் ஓரமாக விளக்குப் போடாமல் உட்கார்ந்துகொண்டாள்.

ஜாஸ்மின் வந்தாள். பையை ஆணியில் மாட்டினாள். டூட்டி உடுப்பின்மேல் அன்பரசனின் பழைய சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டாள். சாப்பிடவில்லை, முகம்கூடக் கழுவவில்லை, நேராகப் பின்பக்கம் போனாள். முந்தின நாள் பெய்த மழையில் பாத்தியில் தண்ணி தேங்கி நின்றது. களைக்கொத்தால் ஓரமாக வாய்க்கால் கீறி அதை வெளியே விட்டாள். சாய்ந்த செடிகளுக்குக் குச்சி நட்டு, கிழிசல் துணியால் இறுக்காமல் கட்டினாள். கட்டின கட்டில் ஒரு விரல் போகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பூக்கக் கூடாது என்று நினைக்கிறவள் செய்கிற வேலையா இது? சவுரியம்மாளுக்குக் குழப்பமாகிவிட்டது. குழம்பினால் என்ன, வந்த கோபத்தைக் கேட்டுத் தீர்த்துவிடத்தான் வேண்டும். எழுந்து பின்பக்கம் வந்தாள்.

"நீ கிள்ளுனியா?"

ஜாஸ்மின் திடுக்கிட்டு எழுந்தாள். "கிள்ளினேன் அத்த."

"எத்தன தடவ?"

"ரெண்டு தடவ. மாசம் பொறந்ததும் ஒரு தடவ, அப்புறம் ஒரு தடவ. அவரு கிள்ளணும்னு சொல்வாரே. உங்களுக்குக் கம்பெனி வேல, நேரம் இருக்காது, மறந்துட்டீங்கன்னு நெனச்சேன்." சொல்லிக்கொண்டே வந்தவள் மாமியாரின் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். "நீங்களும் கிள்ளுனீங்களா?"

சவுரியம்மாள் கவிழ்த்து வைத்திருந்த பக்கெட்மேல் உட்கார்ந்தாள். "தண்ணியும் நீதான் ஊத்துனியா?" என்றாள்.

"மத்தியானம் தூங்கி எழுந்து ஊத்துவேன்."

"புழு?"

"அதையும் பாப்பேன். ஆனா ஜாஸ்தி இருக்காது."

எப்படி இருக்கும், விடியற்காலையிலேயே ஒருத்தி பொறுக்கிவிட்டுப் போயிருக்கிறாளே. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். இங்கே ரெண்டு பேரும் சேர்ந்து ஒரே குடத்தை உடைத்து வைத்திருந்தார்கள். வாயைத் திறந்து ஒரு வார்த்தை, நான் கிள்ளியாச்சு என்று ஒரே ஒரு வார்த்தை, யாராவது ஒருத்தி சொல்லியிருந்தால் போதும். சோறு மூடி வைத்திருக்கிறேன் என்று சொன்ன வாய்க்கு அது வராமல் போய்விட்டது. ரெண்டு பேரும் அவன் சொன்னபடிதான் செய்தார்கள். நாலு தடவை செய்துவிட்டார்கள்.

"ரெண்டாந்தேதிக்கு வராதுடி," என்றாள் சவுரியம்மாள். "எம்புள்ளைக்கு இந்தத் தடவையும் கடப் பூதான்." மருமகள் முன்னால் அழக்கூடாது என்று இத்தனை மாதம் கட்டி வைத்திருந்ததெல்லாம் அந்தப் பக்கெட்டின்மேல் உட்கார்ந்து கொட்டிப் போய்விட்டது.

"கடப் பூ வெக்க வேணாம் அத்த. பூக்கும்போது வெப்போம்" என்றாள் ஜாஸ்மின். கையெல்லாம் சேறு. அந்தக் கையோடு மாமியாரைத் தொடலாமா வேண்டாமா என்று தெரியாமல் நின்றாள்.

கல்லறைத் திருநாளன்று கல்லறைத் தோட்டம் ஜேஜே என்று இருந்தது. சுண்ணாம்பு அடித்த கல்லறைகள்மேல் சாமந்தி, சம்பங்கி, கோழிக்கொண்டை, எல்லாக் குடும்பத்தாரும் பூவைக் கொட்டியிருந்தார்கள். அப்பாவும் மகனும் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருந்த ரெண்டு கல்லறை மட்டும் மெழுகுவத்தியோடு மொட்டையாக இருந்தன. மாமியாரும் மருமகளும் காலையிலேயே வந்து கழுவி, புல்லைப் பறித்து, சுண்ணாம்பும் அடித்திருந்தார்கள். சவுரியம்மாளின் நாத்தனார் பூவம்மாள் அணைக்கட்டிலிருந்து வந்திருந்தாள். வந்தவள் ஜெபம் சொல்லிவிட்டுப் போகவேண்டியதுதானே. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ஆரம்பித்தாள்.

"இன்னா அண்ணி, வருஷா வருஷம் எங்கண்ணனுக்கு வீட்டுப் பூ வெப்பான் புள்ள. அவனுக்கு ஒரு பூ இல்லியா? மருமக கவனிக்கலியா? எங்க கவனிக்கும், அதுக்குத்தான் இன்னிக்கிப் பொறந்த வீட்டுக்குக் கெளம்பற அவசரம்."

ஜாஸ்மின் மெழுகுவத்திக்குக் காற்றுப் படாமல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், தலை நிமிரவில்லை. சவுரியம்மாளுக்கு என்ன வந்ததோ. போன மாதம்வரைக்கும் இந்தப் பேச்சை அவளே பேசியிருப்பாள். "அவ பாக்காம வேற யாரு பாத்தா? ரெண்டு பேரும் பாத்தோம். நாங்கதான் ஜாஸ்தியாக் கிள்ளிட்டோம். பூக்கும்போது வந்து வெப்போம், நீ ஜெபத்தச் சொல்லு" என்றாள். பூவம்மாள் ஜெபமாலையை எடுத்தாள்.

சாமுவேல் சொன்னபடி வந்துவிட்டான். வாடகைக் கார் வாசலில் நின்றது. ஜாஸ்மின் அவனுக்குக் காபி கொடுத்துவிட்டு, "இன்னும் பூ வெக்கலண்ணா. வெச்சிட்டுச் சொல்றேன்" என்றாள்.

"எப்பம்மா பூக்கும்?"

"இப்பத்தான் மொட்டு வெக்குது."

அவன் சவுரியம்மாளைப் பார்த்தான். இவள் கதவைப் பார்த்துக்கொண்டு, "செடிய யாரு அவசரப்படுத்த முடியும்" என்றாள். அவன் காலிக் காரில் திரும்பிப் போனான்.

அந்த நவம்பரில் விட்டுவிட்டு மழை பெய்தது. மழைக் காலத்தில் செண்டுமல்லிக்கு வேலை அதிகம். மழை விட்டதும் செடியை மெதுவாக உதற வேண்டும், இல்லையென்றால் தண்ணி கனத்தில் கிளை பிளந்துவிடும். நத்தை பொறுக்க வேண்டும். அடியில் பழுத்த இலையைக் கழித்துக் காற்று நுழைய வழிவிட வேண்டும். முதலில் எதை யார் செய்வது என்று பேசிக்கொண்டார்கள், இன்னொரு தடவை அந்த வினை வேண்டாமே. "காலைல உதறிட்டேன், நீ நத்தையப் பாரு." "பாத்துட்டேன் அத்த, நீங்க குச்சி மட்டும் மாத்துங்க." செடியைப் பற்றி ஆரம்பித்த பேச்சு எங்கே நிற்கும். நர்சிங் ஹோமில் அன்றைக்குப் பிறந்த குழந்தை, கம்பெனியில் புது சூபர்வைசர் பண்ணுகிற கூத்து, மொச்சைக் குழம்பில் உப்புக் கம்மி என்று அதுபாட்டுக்கு ஓடியது. ஜாஸ்மின் பகல் டூட்டிக்கு மாறிக்கொண்டு வந்தாள். காலையில் சவுரியம்மாளின் வேனுக்கு அப்புறம் போவாள், மூன்று மணிக்கெல்லாம் வந்துவிடுவாள். ராத்திரி ஒரே நேரத்தில் ரெண்டு தட்டு வைத்துச் சாப்பிட்டார்கள். இருபது வருஷமாகக் கம்பெனி மெஷின் சத்தத்தைக் கேட்டுக் கேட்டுச் சவுரியம்மாளுக்குப் பாதி காது. அதற்காக ஜாஸ்மின் கொஞ்சம் உரக்கப் பேசுவாள், அந்தச் சத்தம் வீட்டுக்கு நன்றாகத்தான் இருந்தது.

ஒருநாள் சாயங்காலம் ஜாஸ்மின், "மொட்டு மஞ்சள் காட்டுது அத்த" என்றாள்.

சவுரியம்மாளுக்குச் சந்தோஷம் வரவில்லை. எந்தப் பூவுக்காக மூன்று மாதம் உயிரை விட்டாளோ, அந்தப் பூ வருகிறது என்றதும் இன்னும் கொஞ்சம் பிந்தட்டும் என்று இருக்கிறதே, இது என்ன கண்றாவி என்று தன்னையே திட்டிக்கொண்டாள். பூத்தால் கல்லறைக்குப் போகும். கல்லறையில் வைத்துவிட்டால் போன் போகும். போன் போனால் கார் வரும். மறுநாள் விடிந்ததும் போய், சுருட்டிக் கட்டியிருந்த பச்சை வலையை அவிழ்த்துப் பாத்திக்குமேல் விரித்துவிட்டாள்.

முனவ்வர் பேகம் சுவருக்குமேல் பார்த்தாள். "மழக் காலத்துல யாரும்மா நெழல் கட்டுவாங்க? வெயில் வர்றதே கொஞ்சம். அதையும் மறச்சா பூ எங்கிருந்து வரும்?"

"மொட்டு அழுவிடும்னு கட்டுறேன். உன் வேலயப் பாரு பேகம்."

"வலையில மழ நிக்குமா?" என்றாள் பேகம். சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள்.

பகலில் மருமகள் வந்து பார்ப்பாள், இது என்ன கூத்து என்று வலையைச் சுருட்டிவிடுவாள் என்றுதான் சவுரியம்மாள் எதிர்பார்த்தாள். சாயங்காலம் வந்து பார்த்தால் வலை விரித்தபடியே இருந்தது. மறுநாளும் இருந்தது. அந்த வாரம் முழுக்க இருந்தது. நர்ஸ் வேலை செய்து அலுத்து வருகிறவள், கவனித்திருக்கமாட்டாள் என்று நினைத்துக்கொண்டாள். சாப்பிடும்போது ரெண்டு பேரும் வலையைப் பற்றி மட்டும் பேசவில்லை.

வலை விரித்தால் பூ தள்ளிப்போகும், நின்றுபோகாது. நவம்பர் கடைசியில் கிறிஸ்து அரசர் திருநாள் வரும் ஞாயிற்றுக்கிழமை. விடியற்காலையில் சவுரியம்மாள் வலைக்குள் குனிந்து நுழைந்தாள். பாத்தியின் நடுவில் இருந்த செடியில் ஒரு பூ முழுசாக விரிந்திருந்தது. அதைச் சுற்றி இன்னும் பத்துப் பன்னிரண்டு பாதி விரிந்து நின்றன. அவள் அந்தப் பூவின் காம்பைப் பிடித்தாள். நகத்தால் ஒரு அழுத்து அழுத்திக் குப்பையில் போட்டுவிட்டால் யாருக்கும் தெரியாது. இன்னும் ஒரு வாரம் ஓடும். அது எவ்வளவு கேடுகெட்ட நினைப்பு என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. பெற்ற பிள்ளைக்கு வைக்கவேண்டிய பூ. இருந்தாலும் கை எடுக்க மனசு வரவில்லை. நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள். பிறகு கையை எடுத்துவிட்டு உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள்.

"ஜாஸ்மினு, வந்து பாரு. பூத்துடுச்சு."

ஜாஸ்மின் வந்து அவளுக்குப் பக்கத்தில் நின்றாள். பூவைப் பார்க்கவில்லை, கீழே பார்த்தாள்.

"நேத்தே பூத்துடுச்சு அத்த. டூட்டி முடிச்சி வந்தப்பவே பாத்தேன்."

"ஏன் சொல்லல?"

ஜாஸ்மின் வலையின் ஓரத்தைப் பிடித்து நீவினாள்.

"வலையையும் நீ ஏன் சுருட்டல?"

"நீங்க ஏன் கட்டுனீங்க?"

ரெண்டு கேள்விக்கும் பதில் ஒன்றுதான், அதை அங்கே யாரும் சொல்லவில்லை. சவுரியம்மாள் வலையின் ஒரு முனையைப் பிடித்தாள், ஜாஸ்மின் மறு முனையைப் பிடித்தாள். சுருட்டிக் குழாயில் கட்டிவிட்டு, பூவையெல்லாம் பறித்துத் தட்டில் அடுக்கினார்கள்.

கல்லறைத் தோட்டத்தில் அவர்களைத் தவிர யாருமில்லை. திருநாளன்று குவித்த பூவெல்லாம் மழையில் அழுகிக் கறுத்துப் போயிருந்தது. ஜாஸ்மின் மாமனாருக்குக் கொஞ்சம் வைத்துவிட்டு, மீதியை அன்பரசனுக்கு வைத்தாள். தலைமாட்டிலிருந்து கால்மாடுவரைக்கும் வைக்கும் அளவுக்குப் பூ இல்லை, நெஞ்சு இருக்கிற இடத்தில் மட்டும் வைத்தாள். சவுரியம்மாள் ஜெபம் சொல்ல ஆரம்பித்தாள். அருள் நிறைந்த மரியே என்றதோடு நின்றுவிட்டது.

"அன்னிக்கு ஒரு வார்த்த சொன்னேன்" என்றாள். "அது தப்பு. பொண்டாட்டி கூப்பிட்டா புருஷன் வருவான். நீ கூப்பிட்டதும் சரி, அவன் கெளம்பினதும் சரி. லாரிக்காரன் லைட்டு போடல, அவ்ளோதான். நான் யாரயாவது திட்டணும்னு இருந்தது. நீ பக்கத்துல இருந்த, உன்னத் திட்டிட்டேன்."

ஒன்பது மாதமாக மாமியார் முன்னால் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத ஜாஸ்மின், கல்லறைமேல் தலையை வைத்துக்கொண்டு அழுதாள். சத்தம் போட்டு அழுதாள். சவுரியம்மாள் அவள் முதுகில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வேண்டாம், போதும் என்று சொல்லவில்லை.

அழுது முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஜாஸ்மின் போனை எடுத்தாள். வாக்குக் கொடுத்திருக்கிறாள், அண்ணன் காத்துக்கொண்டிருக்கிறான். "அண்ணா, பூ வெச்சாச்சு" என்றாள். அந்தப் பக்கம் பேசினதைக் கேட்டாள். பிறகு போனைக் கையால் பொத்திக்கொண்டு, "நாளைக்கே கார் எடுத்துட்டு வர்றேன்றாரு அத்த" என்றாள்.

சவுரியம்மாள் பூவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நாளைக்கு வேணாம்னு சொல்லு."

"இன்னும் மொட்டு இருக்குது, எல்லாம் பூக்கட்டும்னு சொல்லவா?"

"பூவச் சாக்குச் சொல்லாத" என்றாள் சவுரியம்மாள். "எங்கத்த என்னை இங்கயே இருக்கச் சொல்றாங்கன்னு சொல்லு."

ஜாஸ்மின் போனைக் காதில் வைத்து அப்படியே சொன்னாள்.